பண்டமாற்றுக்கு முன் பக்கத்துத் தெரு

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து கிராஃப்ட் பீர் பழகிக்கொண்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும்: நம் ஊரில் கிடைக்காததை எப்படியாவது குடித்துப் பார்த்துவிட வேண்டும். வெர்மான்ட்டின் ஹெடி டாப்பர், கலிபோர்னியாவின் பிளைனி தி யங்கர், அயோவாவின் கென்டக்கி பிரஞ்ச் என்று பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கடையில் கிடைக்காது. அதனால் உன்னிடம் இருப்பதைக் கொடு, என்னிடம் இருப்பதைத் தருகிறேன் என்று முன்பின் தெரியாதவர்கள் மாற்றிக்கொள்கிறார்கள். இதுதான் பீர் பண்டமாற்று.

இந்த அத்தியாயத்தில் இரண்டு வேலைகள் உள்ளன. உங்கள் ஊர் ப்ரூவரியின் தரத்தை நீங்களே சோதித்து அறிவது முதல் வேலை. அதற்குப் பிறகும் பண்டமாற்றில் இறங்கத் தோன்றினால், சட்டத்துக்குள் நின்று, ஏமாறாமல், பீரையும் கெடுக்காமல் செய்வது இரண்டாவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். உள்ளூரை அறியாமல் வெளியூருக்கு ஓடுகிறவர் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமலே காசைக் கரைப்பார். இங்கே சொல்வதெல்லாம் 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்.

மவுசு எங்கிருந்து வருகிறது?

கொள்கை விளக்கம் இந்த ஒரு பகுதியோடு முடிந்துவிடும். பண்டமாற்றில் ஒரு பீருக்குக் கிடைக்கும் மதிப்பு, அது எவ்வளவு அரிது என்பதைக் காட்டும். எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை அது தனியே காட்டாது.

1970களில் கொலராடோவின் கூர்ஸ் பீர் மேற்கு மாநிலங்களில் மட்டுமே விற்றது. பாஸ்டரைஸ் செய்யாத பீர், குளிரிலேயே வைத்துக் கொண்டுபோக வேண்டும். அதனால் கிழக்கே அனுப்பவில்லை. கிழக்கே இருந்தவர்கள் கார் டிக்கியில் நிரப்பி எடுத்து வந்தார்கள். 1977இல் வெளியான ‘ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்’ படத்தின் கதையே 400 பெட்டி கூர்ஸை அட்லாண்டாவுக்குக் கடத்துவதுதான். பின்னர் கூர்ஸ் நாடெங்கும் கடைக்கு வந்தது. மவுசு அத்தோடு போயிற்று.

இன்றைய உதாரணம் விஸ்கான்சினின் நியூ கிளாரஸ். 1993இல் தொடங்கிய இந்த ப்ரூவரி தன் பீரை அந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்கிறது. அதன் ஸ்பாட்டட் கவ், அங்கே உள்ளவர்களுக்கு மளிகையோடு சேர்த்து வாங்கும் அன்றாடப் பீர். எல்லைக்கு அப்பால் இல்லினாய்சிலோ மினசோட்டாவிலோ உள்ளவருக்கு அதுவே தேடிப் பிடிக்கிற பொருள்.

ஹெடி டாப்பர் உண்மையிலேயே நல்ல பீர். ஆல்கஹால் 8 சதவீதம், மங்கலான நிறம், ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐபிஏ. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அதைத் தயாரிக்கும் தி ஆல்கெமிஸ்ட் ப்ரூவரி வாட்டர்பரியில் நடத்திய விடுதியை நாசமாக்கியது. அதே நாட்களில்தான் அவர்களுடைய புதிய கேன் ஆலை ஓடத் தொடங்கியது. கேன் வந்ததும் கூட்டம் வந்தது. வண்டி நெரிசலைப் பற்றி அக்கம்பக்கத்தார் முறையிட்டதால் 2013இல் ஆலை வாசலில் விற்பனையையே நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் அன்று அரிதாக இருந்த அந்தப் பாணி இன்று ஊருக்கு ஊர் உண்டு. அமெரிக்க ப்ரூவர்கள் சங்கம் 2018இல் மங்கலான ஐபிஏவைத் தனி வகையாகவே தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. நாட்டில் 9,000க்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் உள்ளன. அவற்றில் ஒன்று பெரும்பாலும் உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரக் கார் பயணத்துக்குள் இருக்கும்.

முதல் வேலை: ஊர் ப்ரூவரியை எடைபோடுவது

1. கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். வார நாள் மாலை நல்லது. ஊற்றுகிறவருக்குப் பேச நேரம் இருக்கும்.

2. முதலில் மிக எளிய பீரைக் கேளுங்கள். பில்ஸ்னர், கோல்ஷ், சாதாரண பேல் ஏல் எதுவானாலும் சரி. பழமும் வனிலாவும் சாக்லேட்டும் போட்ட பீரில் குறை ஒளிந்துகொள்ளும். தெளிந்த லாகரில் ஒளிய இடமில்லை. லாகரை ஒழுங்காகச் செய்கிற ப்ரூவரியின் மற்ற பீர்களை நம்பிக் குடிக்கலாம் என்பது என் அழுத்தமான கருத்து.

3. குடிக்கும் முன் மோந்து பாருங்கள். வெண்ணெய் ஊற்றிய பாப்கார்ன் வாடை வந்தால் டயாசெட்டில்; ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்னே பீரை எடுத்துவிட்டார்கள், அல்லது குழாய் அழுக்கு. பச்சை ஆப்பிள் வாடை, பீர் இன்னும் இளசு என்பதன் அடையாளம். வேகவைத்த சோளம் போல இருந்தால் கொதிக்கவைப்பதில் குறை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது.

4. இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்தக் கெக்கை எப்போது மாட்டினீர்கள்? குழாய்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது தொழில் வழக்கம். தயங்காமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம்.

5. அதே பீரை வேறு நாட்களில் மறுபடி குடியுங்கள். ஒரு நாள் அருமையாக இருப்பது பெரிய காரியமில்லை. மாதாமாதம் அதே சுவையில் வருவதுதான் கைத்திறன். உள்ளூர்க்காரர்கள் ஒரு ப்ரூவரியை மதிப்பது இதற்காகத்தான். எப்போதாவது கிடைக்கும் ஒரு கேனை வைத்து மதிப்பிடும் பண்டமாற்றுச் சந்தைக்கு இந்த ஒன்றை அறிய வழியே இல்லை.

6. ஒரு நோட்டில் பெயர், தேதி, கெக்கா கேனா, சுவை என்று நான்கே வரி எழுதுங்கள். நட்சத்திர மதிப்பெண் வேண்டாம்.

மதிப்பெண் பற்றி ஒரு எச்சரிக்கை. அன்டாப்ட் போன்ற செயலிகளில் ஐந்துக்கு இவ்வளவு என்று சராசரி காட்டுவார்கள். ஆல்கஹால் கூடிய ஸ்டவுட்டும் அரிதான ஐபிஏவும் அங்கே எப்போதும் மேலே நிற்கும். நல்ல லாகர் கீழே கிடக்கும். நள்ளிரவில் வரிசையில் நின்று வாங்கியவருக்கு அந்தப் பீருக்குக் குறைத்துப் போட மனம் வருமா? ஒரு வகையை அதே வகையோடு மட்டும் ஒப்பிட்டால் அந்த எண்களுக்குக் கொஞ்சம் பொருள் உண்டு. லாகரின் 3.6ஐ ஸ்டவுட்டின் 4.4க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கண்கட்டிச் சோதனை: முக்கோண முறை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். ப்ரூவரிகளின் சோதனைக் கூடங்களில் உள்ள முறைதான்; வீட்டுச் சமையலறையில் அப்படியே செய்யலாம்.

தேவை: பேர்போன வெளியூர் ஐபிஏ ஒரு கேன், அதே வகையில் உங்கள் ஊர் ஐபிஏ ஒரு கேன் (இரண்டும் 473 மி.லி.), குடிப்பவர்கள் ஆறு பேர், ஊற்றுவதற்குக் குடிக்காத ஒருவர், ஒரே மாதிரியான 18 சிறு டம்ளர்கள். நிறத்தில் வேறுபாடு தெரிந்தால் வெளியே தெரியாத காகித டம்ளர்.

1. இரண்டு கேன்களையும் ஒரே ஃபிரிட்ஜில், ஒரே தட்டில், முந்தின நாளே வைத்துவிடுங்கள். குடிப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் வெளியே எடுங்கள். அதிகம் குளிர்ந்த பீர் மணக்காது.

2. ஊற்றுகிறவர் தனி அறைக்குப் போகட்டும். டம்ளர்களின் அடியில் மூன்று இலக்க எண்களை எழுதட்டும். 1, 2, 3 என்றோ அ, ஆ என்றோ எழுதினால் முதலாவது உசத்தி என்ற எண்ணம் தானாக வந்துவிடும்.

3. ஒவ்வொருவருக்கும் மூன்று டம்ளர், டம்ளருக்கு 40 மி.லி. மூன்றில் இரண்டு ஒரே பீர், ஒன்று வேறு. மூன்று பேருக்கு வெளியூர் பீர் இரண்டும் உள்ளூர் ஒன்றும்; மற்ற மூவருக்கு அப்படியே தலைகீழாக. இந்தக் கணக்கில் ஒவ்வொரு பீரிலும் 360 மி.லி. போதும். டம்ளர்களை வைக்கும் வரிசை ஆளுக்கு ஆள் மாறட்டும்.

4. ஊற்றியவர் டம்ளர்களை வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். அவர் முகமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

5. குடிப்பவர்கள் பேசக் கூடாது. இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் மட்டும். மிக்சரும் ஊறுகாயும் சோதனை முடிந்த பிறகு.

6. முதல் கேள்வி: மூன்றில் தனியானது எது? எழுதிக் கொடுக்கட்டும். எழுதிய பிறகே இரண்டாவது கேள்வி: எது பிடித்திருக்கிறது?

7. எண்ணுங்கள். வெறும் ஊகத்தில் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதாவது ஆறு பேரில் இருவர். ஐந்து அல்லது ஆறு பேர் சரியாகச் சொன்னால்தான் இரண்டு பீருக்கும் உண்மையான வேறுபாடு இருக்கிறது என்று நம்பலாம். நான்கு போதாது. பிடித்தது எது என்ற விடையில், தனியானதைச் சரியாகக் கண்டுபிடித்தவர்களின் விடையை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வெளியூர் பீர் ஆறு வாரப் பழசு, உள்ளூர் பீர் நேற்று அடைத்தது என்றால் இந்தப் போட்டி நியாயமா என்று கேட்கலாம். அந்த ப்ரூவரிக்கு நியாயமில்லைதான். உங்களுக்கு நியாயம். பண்டமாற்றில் அந்தப் பீர் உங்கள் கைக்கு எப்போதும் அந்த நிலையில்தான் வந்து சேரும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: வேறு வேறு வகைகளை ஒப்பிடுவது, ஒரே இரவில் ஐந்தாறு சோடிகளைச் சோதிப்பது (இரண்டாவதுக்குப் பிறகு நாக்கு மரத்துவிடும்), கேனை மேசையிலேயே விட்டுவைப்பது, விடை தெரிந்த பிறகு விருப்பத்தை மாற்றிச் சொல்ல அனுமதிப்பது. இந்தச் சோதனையில் ஒருவர் குடிப்பது 120 மி.லி. மட்டும். மீதியை அன்றே முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

தேதி பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கேனின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அடைத்த தேதி இருந்தால் நல்லது. ‘இதற்குள் குடிக்கவும்’ என்ற தேதி மட்டும் இருந்தால் அது எப்போது அடைத்தது என்பதை மறைக்கும். சில ப்ரூவரிகள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் போடும்: 045 என்றால் பிப்ரவரி 14.

ஹாப்ஸ் மணம் புதிதாக அரைத்த காப்பித்தூளின் மணம் போன்றது. டப்பாவைத் திறந்து வைத்தால் தூள் இருக்கும், மணம் இருக்காது. பிளைனி தி எல்டர் என்ற ஐபிஏவின் பாட்டில் மேலேயே, குளிரில் வை, புதிதாகக் குடி, சேர்த்துவைக்காதே என்று அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பீர் வணிகத்தில் 3–30–300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 32 டிகிரி செல்சியசில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: மூன்றும் பீருக்கு ஏறக்குறைய ஒரே அளவு கேடு செய்யும். ஜூலை மாத வெயிலில் மூன்று நாள் வேனில் கிடந்த ஐபிஏ உங்கள் கைக்கு வரும்போது அதன் பெயர் மட்டும்தான் மிச்சம்.

வெளிச்சமும் எதிரி. பச்சை பாட்டிலையோ நிறமில்லாத பாட்டிலையோ வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே ஸ்கங்க் நாற்றம் ஏறும். கேனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் வேலை: பண்டமாற்று

முதலில் சட்டம். அமெரிக்க அஞ்சல் துறை வழியாகப் பீர் அனுப்புவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். யூபிஎஸ், ஃபெட்எக்ஸ் இரண்டும் உரிமம் உள்ள நிறுவனங்களிடமிருந்து மட்டுமே மதுவை ஏற்கும். தனி ஆள் அனுப்ப முடியாது. பெட்டியின் மேல் ஆலிவ் எண்ணெய் என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டி பறிமுதலானாலும் உடைந்தாலும் எந்த இழப்பீடும் வராது. பொய் அறிவிப்பு கொடுத்த குற்றமும் சேரும். அதனால் தபாலில் பீர் பொதிவது எப்படி என்று இந்தப் புத்தகத்தில் நான் எழுதவில்லை. பணத்துக்கு விற்பது உரிமம் இல்லாத வியாபாரம். அதைச் செய்யவே செய்யாதீர்கள். இ-பே நிறுவனம் 2012இலேயே இத்தகைய பீர் விற்பனையைத் தன் தளத்தில் நிறுத்திவிட்டது. கைக்குக் கை மாற்றிக்கொள்வதிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. உங்கள் மாநில மதுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

இனி நேரில் சந்தித்து மாற்றிக்கொள்ளும் முறை.

1. மொழியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ. என்று போட்டால் தேடுகிறேன் என்று பொருள், எஃப்.டி. என்றால் கொடுக்கத் தயார். மிக அரிய பீரைத் திமிங்கலம் என்பார்கள். டாலருக்கு டாலர் என்றால் கடை விலைக்குக் கடை விலை.

2. டாலருக்கு டாலர் தவிர வேறு கணக்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கறுப்புச் சந்தை விலையை வைத்துப் பேசுகிறவரிடமிருந்து விலகுங்கள். ஒரு பாட்டிலுக்குப் பன்னிரண்டு கேன் கேட்கிற இடத்தில் நீங்கள் வாங்குவது பீரை அல்ல.

3. உங்கள் ஊரில் நீங்களே சோதித்து, நன்றாக இருக்கிறது என்று உறுதியான பீரையே கொடுங்கள். பேர் இல்லாத லாகராக இருந்தாலும் பரவாயில்லை. ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இப்படிக் கொடுக்கிறவர்களுக்குத்தான் நல்ல நண்பர்கள் அமைகிறார்கள்.

4. புகைப்படம் கேளுங்கள்: பாட்டில், அடைத்த தேதி, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய சீட்டு. விலையுயர்ந்த பாட்டில்களில் பழைய பாட்டிலை நிரப்பி மூடி போட்டு ஏமாற்றுவது உண்டு. மூடி நசுங்கியிருக்கிறதா, மெழுகு உடைந்து ஒட்டியிருக்கிறதா, பீரின் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

5. எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். ‘கராஜில்’ என்று பதில் வந்தால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

6. டேப்ரூம் வாசலிலோ வேறு பொது இடத்திலோ பகலில் சந்தியுங்கள். வண்டியில் ஐஸ் பெட்டி இருக்கட்டும். வாங்கியதை வண்டியின் பின்பெட்டியில் வையுங்கள். திறந்த கேன் வண்டிக்குள் இருக்கவே கூடாது.

பெரிய பெயருக்கும் பிசகு நேரும். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் விற்ற போர்பன் கவுண்டி ஸ்டவுட்டின் 2015 பதிப்பில் சில தொகுதிகளுக்குள் லாக்டோபாசிலஸ் புகுந்து புளித்துவிட்டது. 2016இல் நிறுவனம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பண்டமாற்றில் அந்தப் பாட்டிலை வாங்கியவருக்கு அப்படித் திருப்பிக் கேட்க இடமில்லை.

கைமாற்றிக் கிடைக்கும் பீரைவிட ஊற்று வாசலுக்கே போவது எப்போதும் மேல். பெல்ஜியத்தின் செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் வெஸ்ட்வ்லெட்டரன் 12 பீரை மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் விற்கிறார்கள். பிரசல்ஸில் 1900இல் தொடங்கிய காந்தியோன் ப்ரூவரியின் பாட்டில்களுக்கு அமெரிக்காவில் அவ்வளவு அடிதடி. அந்த ப்ரூவரிக்கே போனால் உட்கார்ந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கலாம். விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

பாதுகாப்பு

குடிக்கும் அளவை எண்ணத் தெரிய வேண்டும். 355 மி.லி. அளவுள்ள 5 சதவீத பீரில் சுமார் 14 கிராம் ஆல்கஹால். 473 மி.லி. கேனில் 8 சதவீத ஐபிஏ என்றால் 30 கிராம். ஒரு கேன்தான் என்று தோன்றும், கணக்கில் இரண்டுக்கும் மேல். வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் 0.08 சதவீதம் பெரும்பாலான மாநிலங்களின் வரம்பு, யூட்டாவில் 0.05. வரம்பை ஒட்டிக் கணக்குப் போடாதீர்கள். சோதனை நாளில் யாரும் ஓட்ட வேண்டாம். வாடகைக் காரில் போகட்டும்.

பழக்கூழ் சேர்த்த புளிப்பு பீர் கேன்களைக் கண்டிப்பாக ஃபிரிட்ஜில் வையுங்கள். உள்ளே புளிக்காத சர்க்கரை இருந்தால், சூட்டில் ஈஸ்ட் மறுபடி வேலை தொடங்கி கேன் வெடிக்கும். உப்பிய கேனைக் கையில் எடுத்துக் குலுக்காதீர்கள்; துணியைப் போர்த்தி வெளியே கொண்டுபோங்கள். பீரை உறைபெட்டியில் வைத்து மறந்துவிடுவதும் ஆபத்து. உறையும்போது விரிந்து பாட்டில் உடையும்.

விமானத்தில் எடுத்துப் போவது

24 சதவீதத்துக்குக் கீழே ஆல்கஹால் உள்ள பானங்களைப் பதிவுச் சாமானில் கொண்டுபோக அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதியில் அளவுத் தடை இல்லை. பீர் கேனுக்குக் கைப்பையில் அனுமதி இல்லை. ஒவ்வொரு கேனையும் தனித்தனியாக ஜிப் பையில் போட்டு, துணி சுற்றி, பெட்டியின் நடுவில் நிற்கவைத்து அடுக்குங்கள். ஓரத்திலும் சக்கரத்தின் பக்கத்திலும் வேண்டாம். 473 மி.லி. கேன் ஏறக்குறைய அரைக் கிலோ. பன்னிரண்டு கேன் எடுத்தால் 23 கிலோவில் கால்பங்கு போய்விடும்.

இந்தியாவுக்குப் போகும்போது ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுபோகக்கூடிய மது, பீரையும் சேர்த்து 2 லிட்டர். அதாவது 473 மி.லி. கேன் நான்கு. அந்த நான்கும் ஸ்டவுட்டாக இருக்கட்டும். நீண்ட பயணத்தையும் சென்னை வெயிலையும் அதுதான் ஓரளவு தாங்கும். ஐபிஏவை இங்கேயே, அடைத்த வாரத்திலேயே குடித்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.